ஆடுகிறவள் எங்கே தங்குவாள்

நம்மூர்ப் பெண் பிள்ளைகள் நாட்டியம் கற்றுக்கொள்கிறார்கள், நாட்டியக்காரிகள் ஆவதில்லை. இந்த நினைப்பு கொஞ்ச காலமாக என்னை விடாமல் உறுத்திக்கொண்டிருக்கிறது. குடவாசலில் சாயங்காலம் கடைத்தெருப் பக்கம் நடந்தால் ஏதாவது ஒரு மாடியிலிருந்து தட்டுக்கழிச் சத்தம் கேட்கும். டீச்சர் சொல்லுக்கட்டைச் சொல்லச் சொல்ல, சிமெண்டுத் தரையில் பத்துப் பன்னிரண்டு ஜோடிக் கால்கள் விழும். கும்பகோணம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகும்போது அமுங்கி, பஸ் போனதும் மறுபடி மேலெழும். பிள்ளைகள் நன்றாகத்தான் ஆடுகிறார்கள். கிரேடு பரீட்சை எழுதுகிறார்கள், சலங்கை பூஜை நடக்கிறது, வசதி உள்ள வீடுகளில் அரங்கேற்றமும் நடக்கிறது. மகா சிவராத்திரி சமயத்தில் காவிரி டெல்டாவின் பெரிய கோயில்களில் நடக்கும் நாட்டியாஞ்சலிகளுக்கு வேன் பிடித்துப் போய், கிடைத்த சில நிமிடங்களில் ஆடிவிட்டு, சான்றிதழோடும் போட்டோக்களோடும் திரும்புகிறார்கள். பத்தாவது வந்ததும் முதலில் ஒருத்தி நின்றுவிடுகிறாள். ப்ளஸ் டூ வருவதற்குள் அந்த வரிசையே காலியாகிவிடுகிறது. “ஒன்பதாவது வரைக்கும் விட்டோம்ங்க, இனிமே படிப்பப் பாக்கணும்ல” என்று ஓர் அம்மா சொன்னார். அவர் குரலில் வருத்தம் எதுவும் இல்லை, சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டாகிவிட்டது என்பது போலத்தான் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏழெட்டு வருஷம் உடம்பில் ஏற்றிக்கொண்ட ஒன்றை ஒரே வாரத்தில் நிறுத்திவிட முடிகிறது என்றால், அந்த வருஷங்கள் எல்லாம் எதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன? நிறுத்தாமல் இருந்திருந்தாலும் அந்தப் பெண் எங்கே போய் ஆடியிருப்பாள், யாரோடு ஆடியிருப்பாள்?

பாலே உலகத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு கட்டிட விடை உண்டு. பள்ளி ஒரு வாசல், கம்பெனி அடுத்த வாசல். பள்ளியில் வளர்கிற பிள்ளை கதவுக்கு அந்தப் பக்கம் சம்பளத்துக்கு ஆடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறாள். அவர்கள் கணுக்காலில் கட்டுப் போடுவதையும், ஒத்திகை நடுவே ரொட்டி தின்பதையும், வயது ஏறி ஒதுங்குவதையும் பார்க்கிறாள். தான் எதுவாக ஆகப்போகிறோம் என்பதற்குக் கண்ணெதிரே ஓர் உருவம் இருக்கிறது. அமெரிக்காவில் பாலே அமைப்பாளர் பாலன்சின் 1934 ஜனவரியில் முதலில் திறந்தது பள்ளியைத்தான். அவருடைய கம்பெனி நியூயார்க் சிட்டி பாலே என்ற பெயரோடு நிலைத்தது 1948இல். நடுவில் பதினான்கு வருஷம், வேறு வேறு பெயர்களில் கூடிக் கலைந்த குழுக்கள். இருந்தும் பள்ளி தொடங்கிய அன்றே அது எதற்கான பள்ளி என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. நமக்கு இதை அயலூர்ச் சங்கதி என்று தள்ளிவிட முடியாது. இதே பாலே தமிழ் நாட்டியத்துக்குள் ஒரு முறை வந்து போயிருக்கிறது, அதுவும் நம் காவிரிக்கரை வழியாக. கடல் பயணத்தில் ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவோடு பழகிய ருக்மிணி தேவி, அவருடைய குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றார். உன் நாட்டு ஆட்டத்தைத் தேடிப் பார் என்று பாவ்லோவா தூண்டினார். தேடல் நட்டுவனார் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வந்து நின்றது. 1935 டிசம்பரில் அடையாற்றில் பிரம்மஞான சபையின் வைரவிழாவில் ருக்மிணி தேவி மேடை ஏறினார். அடுத்த வருஷம் அவர் தொடங்கிய பள்ளி கலாக்ஷேத்ரா. பந்தநல்லூர் குடவாசலிலிருந்து ஒரு காலைப் பொழுதில் போய்வரக்கூடிய தூரம்தான்.

கலாக்ஷேத்ராவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அரைமண்டியின் கோணம், சேலையின் கரை, சிருங்காரத்தைக் குறைத்தது சரியா என்று பேச்சு போய்விடும். சிருங்காரம் பற்றிய சண்டையில் நான், அதைக் குறைக்கக் கூடாது என்ற நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் பக்கம். ஆனால் அதையெல்லாம் விட என்னைப் பிடித்து நிறுத்துவது வேறு ஒன்று. தஞ்சை நால்வர் வகுத்துக் கொடுத்த மார்க்கம், அலாரிப்பிலிருந்து தில்லானா வரை, ஒருத்தி தனியாக நின்று நிகழ்த்துவது. அந்தப் பாடத்தைத் தனித்தனியாகக் கற்ற பிள்ளைகளைக் கொண்டு ருக்மிணி தேவி 1944இல் குற்றாலக் குறவஞ்சியை மேடையேற்றினார். பிறகு 1955இல் சீதா சுயம்வரத்தில் தொடங்கி 1970இல் மகா பட்டாபிஷேகம் வரை ஆறு பாகமாக ராமாயணம். மைசூர் வாசுதேவாச்சார் அதன் பெரும்பகுதிக்கு இசை அமைத்துவிட்டு நடுவில் காலமானார். பேரன் ராஜாராம் தொடர்ந்தார். மாணவர்களும் ஆசிரியர்களும் ஒரே மேடையில் ஆடினார்கள். நேற்றுக் கூட்டத்தில் ஒரு தோழியாக நின்றவள் சில வருஷத்தில் சீதையாவாள், பிறகு சீதைக்குக் கற்றுக்கொடுப்பவளாவாள். பாலேயிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது முனைக்கால் நிற்பதையோ துள்ளலையோ அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு மேடையில் இருபது உடம்புகள் இருந்தால் அவற்றுக்கு நடுவிலுள்ள வெளியும் ஆட வேண்டும் என்கிற அறிவை எடுத்துக்கொண்டார். அந்த அறிவுக்கு ஒரு குழு வேண்டியிருந்தது. குழு இருந்ததால் பள்ளிக்கு ஓர் அர்த்தம் வந்தது.

இந்த வெளி என்று சொல்வதை நான் குடவாசல் மாடியறை ஒன்றிலேயே பார்த்தேன். சுவரில் நடராஜர் படம், கீழே வாடிய மாலை, மூலையில் கழற்றிப் போட்ட ஸ்கூல் பைகள். பாவாடைக்கு மேல் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிய இரண்டு பெண்கள் நாட்டடவு செய்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி உயரம், மற்றவள் குள்ளம். உயரமானவளுக்குக் காலை நீட்டிக் குதிகாலை ஊன்ற ஒரு நொடி கூடுதலாகத் தேவைப்பட்டது. இரண்டாம் காலத்துக்குப் போனதும் பிந்தினாள். டீச்சர் தட்டுக்கழியை இன்னும் பலமாகத் தட்டினார். அதனால் ஒன்றும் ஆகவில்லை. அப்போது குள்ளமானவள் என்ன செய்தாள் என்றால், தன் காலை மயிரிழை அளவு தாமதித்து ஊன்றினாள். தாளத்துக்கு வெளியே போகவில்லை, தாளத்தின் உள்ளேயே கொஞ்சம் இடம் விட்டாள். இரண்டு குதிகால்களும் ஒரே சத்தமாக விழுந்தன. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. டீச்சருக்கும் அது கண்ணில் படவில்லை, “ம், சரி, மூணாங்காலம்” என்றார். பள்ளி கற்றுக்கொடுப்பது தட்டுக்கழியைக் கேட்பதற்கு. பக்கத்தில் இருப்பவளுடைய எடையைக் கேட்பதற்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, பரீட்சையில் அதற்கு மார்க்கும் இல்லை. அந்தச் சின்னப் பெண் அதைத் தானாகவே கண்டுபிடித்திருந்தாள். ஒரு குழு அங்கேதான் பிறக்கிறது. நம்மிடம் அதை வாங்கி வைத்துக்கொள்ள ஒரு பாத்திரம் இல்லை. பிறகு ஒரு நாள் அந்த டீச்சரிடம் சேர்ந்து ஆடுவது பற்றிக் கேட்டேன். “குரூப்புன்னா ஆண்டுவிழாவுக்குத்தாங்க. எல்லாரும் ஒரே மாதிரி நின்னு ஒரே மாதிரி ஆடிடுவாங்க. பேரண்ட்ஸுக்கு அவங்கவங்க புள்ள முன்னாடி வரிசைல நிக்கணும்” என்றார்.

எங்கள் பக்கத்துக்குக் குழு என்பது தெரியாத விஷயமா? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைப் படித்தவர்களுக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. ராஜராஜன் நானூறு தளிச்சேரிப் பெண்களைச் சோழ நாட்டுக் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தினான். ஒவ்வொருத்தியின் பெயரும், எந்தக் கோயிலிலிருந்து வந்தவள் என்பதும், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும் கல்லில் இருக்கிறது. திருவாரூரிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள், பழையாறையிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். தலைக்கு ஒரு பங்கு, அதாவது வருஷத்துக்கு நூறு கலம் நெல். நட்டுவம் செய்கிறவர்களுக்கு இரண்டு பங்கு. பாடுகிறவர்கள், வாத்தியக்காரர்கள் மட்டும் இல்லை, கணக்கு எழுதுகிறவர், துணி தைக்கிறவர், வெளுக்கிறவர், சவரம் செய்கிறவர் எல்லோருக்கும் பங்கு குறித்திருக்கிறது. ஒரு கம்பெனி நடத்த என்னென்ன கைகள் வேண்டும் என்று அந்தப் பட்டியலைப் போட்டவருக்குத் தெரிந்திருந்தது. இன்னும் ஒரு விதி: ஒருவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்று அந்த வேலையைச் செய்ய வேண்டும், உறவினருக்கு அந்தத் தகுதி இல்லாவிட்டால் தகுதி உள்ள வேறொருவரை அமர்த்த வேண்டும். ஆயிரம் வருஷத்துக்கு முன் எழுதிய இந்த விதியை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ஆடுகிறவள் இல்லாமல் போகலாம், ஆட்டத்துக்கான இடம் காலியாக விடப்படக் கூடாது என்று அது சொல்கிறது. அதே கோயிலின் மேல் தளத்தில் சிவன் ஆடும் கரணச் சிற்பங்கள் நூற்றெட்டில் எண்பத்தொன்றுதான் முடிந்தன. மிச்சக் கற்கள் செதுக்கப்படாமல் அப்படியே நிற்கின்றன. சிற்பிக்கு நேர்ந்த தடை என்னவென்று எவருக்கும் தெரியாது. ஆனால் தரையில் ஆடியவர்களின் வரிசை பல நூற்றாண்டு அறாமல் வந்தது. சரபேந்திர பூபாலக் குறவஞ்சியை அந்தக் கோயிலிலேயே பெண்கள் சேர்ந்து ஆடியிருக்கிறார்கள். ருக்மிணி தேவி முதலில் ஒரு குறவஞ்சியைத் தேர்ந்தது தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன்.

இந்த இடத்தில் என் எழுத்து தானாக நின்றுவிடுகிறது. நூறு கலம் நெல் என்று ஆசையோடு எழுதும்போதே, குடியமர்த்தினான் என்ற சொல்லையும் நான்தான் எழுதினேன். அந்த நானூறு பேரில் எத்தனை பேர் வர விரும்பி வந்தார்கள்? திருவாரூரில் 1883இல் பிறந்து மூவலூரில் வளர்ந்த ராமாமிர்தம் அம்மையார் அந்த மரபுக்குள் இருந்தே வந்து அதை எதிர்த்தவர். தேவதாசி முறையின் உள்வயணங்களை அவர் நாவலாக எழுதி வெளியிட்டது 1936இல், கலாக்ஷேத்ரா தொடங்கிய அதே வருஷம். நாட்டியம் அடையாற்றில் புனிதம் ஆகிக்கொண்டிருந்தபோது, அந்த நாட்டியத்தைச் சுமந்த தெருக்களில் என்ன நடந்தது என்று இங்கிருந்து ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தார். முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் எழுப்பிய குரல் 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டமானது. அந்தச் சட்டம் வந்தது சரி. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. கூடவே அது மூடிய வாசல்களுக்குள் ஒரு தேர்ந்த தொழிலும் இருந்தது என்பதையும், அந்தத் தொழிலை வேறு சாதிப் பெண்கள் கௌரவமாகக் கைக்கொண்டபோது அதை வளர்த்த பெண்கள் தங்கள் பெயரையே மறைத்து வாழ வேண்டி வந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். மேடை இருந்தவளுக்கு விலகிப் போகும் உரிமை இல்லை. இன்று விலகிப் போகும் உரிமை உள்ளவளுக்கு மேடை இல்லை. இரண்டில் எது மேல் என்று யாராவது கேட்டால் இன்றைய நிலைமைதான் மேல் என்பேன், தயங்காமல். ஆனால் அந்த இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒன்று ஏன் இந்த மண்ணில் முளைக்கவில்லை என்ற கேள்வி அந்தப் பதிலால் தீரவில்லை.

ஆண்கள் விஷயத்தில் அது முளைத்திருக்கிறது. மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளா இந்தப் பகுதியில் மிஞ்சியிருக்கும் உண்மையான ஆட்டக் கம்பெனி. வெங்கடராம சாஸ்திரி எழுதிய தெலுங்கு நாடகங்கள், பிரகலாத சரித்திரம் அதில் தலையாயது. எல்லா வேஷமும் ஆண்கள். நரசிம்ம முகமூடியைக் கோயிலில் வைத்துப் பூஜிக்கிறார்கள், அதை அணிபவர் விரதம் இருக்கிறார். பள்ளிக்கூடம் என்று தனியாக ஒன்று கிடையாது. அப்பா ஆடுவதைப் பார்த்துப் பிள்ளை கற்கிறான். நடிப்பவர்களில் பலர் வெளியூர்களில் வேலை பார்க்கிறவர்கள், விழாவுக்கு ஊர் திரும்புகிறார்கள். சம்பளம் இல்லை. இது எப்படி நீடிக்கிறது என்று யோசித்தபோது எனக்குப் பளிச்சென்று ஒன்று தெரிந்தது: ஆணுக்கு ஊர் மாறுவதில்லை. சென்னையில் வேலை பார்த்தாலும் பம்பாயில் வேலை பார்த்தாலும் மெலட்டூர்தான் அவன் ஊர். வருஷத்துக்கு ஒரு தடவை அங்கே வருவது அவன் கடமை. நம்மூர்ப் பெண்ணுக்குக் கல்யாணத்தோடு ஊரே மாறிவிடுகிறது. பிறந்த ஊர் ‘அம்மா வீடு’ ஆகிறது, அங்கே வருவது விருந்துக்கு. பத்து வருஷம் பக்கத்தில் நின்று ஆடியவளின் எடையைக் குதிகாலால் அறிந்தவள் பூந்தோட்டத்துக்கோ திருப்பூருக்கோ வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டால், அந்த அறிவை அவள் யாரிடம் கொண்டுபோய்ப் பயன்படுத்துவாள்? ஒரு தனி ஆட்டக்காரி எங்கே போனாலும் தன் மார்க்கத்தைத் தூக்கிக்கொண்டு போகலாம். குழு ஆட்டத்தை அப்படித் தூக்கிப் போக முடியாது. குழுவுக்கு வேண்டியது தங்குகிற மனிதர்கள். நம் ஏற்பாட்டில் தங்குகிறவர்கள் ஆண்கள், ஆடக் கற்றவர்கள் பெண்கள். மெலட்டூரும் ஒரே சாதியின் ஆண்களுக்கு மட்டும் உரியது என்பதையும் மறந்துவிட்டு அதை முன்மாதிரி ஆக்க முடியாது.

நட்டுவனார்களும் தங்கவில்லை. திருவிடைமருதூர்க் குப்பையா பிள்ளையின் வழியினர் பம்பாய்க்குப் போய் 1945இல் ராஜராஜேஸ்வரி பரத நாட்டியக் கலா மந்திரைத் தொடங்கினார்கள். அது மாதுங்காவில் அமைந்தது. வழுவூர் ராமையா பிள்ளை சென்னைக்குப் போனார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற மிருணாளினி சாராபாய் ஆமதாபாத்தில் 1949இல் தர்ப்பணாவைக் கட்டினார். அங்கே பள்ளியும் குழுவும் ஒன்றாகவே வளர்ந்தன. பாலசரஸ்வதியின் ஆசான் கந்தப்ப பிள்ளை நடனக் கலைஞர் உதயசங்கரின் அழைப்பில் இமயமலை அடிவாரம் வரை, அல்மோராவுக்கு, போய்க் கற்றுக்கொடுத்தார்.  நெல்லைப் போலவே நாட்டியமும் இங்கே விளைந்து வெளியே போயிற்று. நெல் போனால் அடுத்த போகத்துக்கு விதை நெல்லை எடுத்து வைக்கிறோம், நாட்டியத்துக்கு அப்படி வைத்தோமா? தஞ்சாவூரில் 1986இல் வந்த தென்னகப் பண்பாட்டு மையம் விழா நடத்துகிறது, குழுக்களை வரவழைக்கிறது. அரசு இசைப்பள்ளி இருக்கிறது, திருவையாற்றில் இசைக் கல்லூரி இருக்கிறது. கற்றுக்கொள்ள இடத்துக்குக் குறைவில்லை. மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்து ஆடுகிற ஒரு குழு மட்டும் இல்லை.

அப்படி ஒன்று குடவாசலில் இருந்தால் எதை ஆடும்? இதில்தான் எனக்கு அதிகக் குழப்பம். மறுபடி ஒரு ராமாயணம் என்றால் அதைச் சென்னையில் நன்றாகவே செய்கிறார்கள். நடன அமைப்பாளர் சந்திரலேகா 1985இல் ‘அங்கிகா’வைச் செய்தபோது பரதத்தின் உடம்பைக் கதையிலிருந்தும் தெய்வத்திலிருந்தும் நகை அலங்காரத்திலிருந்தும் கழற்றி எடுத்து, களரியோடும் யோகத்தோடும் நிறுத்திக் காட்டினார். அரைமண்டி பக்தி நிலை ஆவதற்கு முன்னால் ஓர் உழைப்பு நிலை, தரையைத் தாங்குகிற நிலை என்று அவருடைய ஆட்டக்காரர்களைப் பார்க்கும்போது உடம்புக்கே புரிந்தது. அவர் அதைப் பெசன்ட் நகர்க் கடற்கரைப் பக்கம் இருந்து செய்தார். வயலுக்கு நடுவே இருந்து அதைச் செய்தால் என்னவாகும் என்று நான் கற்பனை செய்கிறேன். உடனே பயமும் வருகிறது. ஆண்டுவிழா மேடைகளில் பிளாஸ்டிக் அரிவாளும் பச்சைக் கண்டாங்கியும் கட்டி ஆடும் ‘அறுவடை நடனம்’ கண்ணில் வந்து நிற்கிறது. அதைவிட வயலை அவமதிக்கும் காரியம் இல்லை. நடவு நடுகிற பெண்களைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பின்னோக்கி நகரும் வேலை. முதுகு வளைந்தபடி, இடது கையில் நாற்று முடி, வலது கை சேற்றுக்குள், கால் சேற்றைத் துழாவிப் பின்னால் இடம் தேடுகிறது. ஒருத்தி வேகம் குறைந்தால் வரிசை கோணும். பக்கத்தில் இருப்பவள் அவளுக்காகத் தன் பத்தியை இரண்டு முடி அகலமாக்கிக்கொள்வாள். மாடியறையில் அந்தக் குள்ளப் பெண் செய்தது அதேதான். கூலியில் அவர்களுக்கு என்ன கிடைக்கிறது, இடுப்பு என்ன ஆகிறது என்பதைச் சொல்லாமல் அந்த அசைவை மட்டும் எடுத்து ஆடினால் அது திருட்டு. இப்போது நடவு இயந்திரமும் வந்துவிட்டது; அந்தப் பின்னோக்கிய நடை ஒரு தலைமுறையில் உடம்புகளிலிருந்து போய்விடும். ஆடக் கற்ற பெண்களில் சிலருடைய பாட்டிகள் நடவாட்கள். பாட்டியும் பேத்தியும் சேர்ந்து உட்கார்ந்து பேசிச் செய்யும் ஆட்டம் எப்படி இருக்கும் என்று என்னால் ஊகிக்க முடியவில்லை. ஊகிக்க முடியாததாலேயே அதைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

பள்ளியும் குழுவும் ஒரே கையில் இருப்பதன் ஆபத்தையும் தள்ளிவைத்துப் பேசக்கூடாது. யார் கற்றுக்கொடுக்கிறாரோ அவரே வேஷமும் கொடுக்கிறார் என்றால், மாணவியின் எதிர்காலம் முழுவதும் ஒருவர் முகம் பார்த்து நிற்கும். 2023 மார்ச் கடைசியில் கலாக்ஷேத்ராவில் மாணவ மாணவியர் பாலியல் தொல்லைப் புகார்களை முன்வைத்து வளாகத்துக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். ஏப்ரலில் முன்னாள் மாணவி ஒருவரின் புகாரில் ஆசிரியர் ஒருவர் கைதானார். அந்தப் பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்த படங்களைப் பார்த்தபோது, ஒன்றாக நிற்கக் கற்ற உடம்புகள் இவை என்று தோன்றியது. குழு கற்றுக்கொடுத்ததைக் குழுவின் அதிகாரத்துக்கு எதிராகவே அவர்கள் பயன்படுத்தினார்கள். ஆகவே ஆசான் சொல்லே வேதம் என்கிற பழைய கட்டு எனக்கு வேண்டாம். வேறொரு மாதிரியும் உண்டு: கர்நாடகத்தில் பெங்களூருக்கு வெளியே ஹெசரகட்டாவில் புரோதிமா பேடி 1990இல் தொடங்கிய நிருத்யகிராமம் பத்து ஏக்கர் நிலத்தில் நிற்கிறது. ஒடிசி கற்கிறவர்கள் அங்கேயே தங்கி, நிலத்திலும் வேலை செய்து, ஆடுகிறார்கள். அவர் 1998இல் மறைந்த பிறகும் அந்தக் குழு உலகம் சுற்றி ஆடிக்கொண்டிருக்கிறது. ஒடிசா மண்ணின் ஆட்டம் கன்னட கிராமம் ஒன்றில் வேர் பிடிக்கிறது, பெண்கள் அங்கே தங்க முடிகிறது. அங்கே போக ஒரு பெண் குடும்பத்தை விட்டு வர வேண்டியிருக்கிறது என்பதுதான் என் தயக்கம். எங்கள் தெருப் பெண்களை அப்படி வா என்று கூப்பிட எனக்கு உரிமை இல்லை, அவர்களில் பலருக்கு அது விருப்பமும் இல்லை.

எனவே நான் நினைப்பது சின்ன அளவில். சம்பா அறுவடை தை, மாசியில் முடிகிறது. மேட்டூர் அணை திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. நடுவில் உள்ள மாதங்களில்தான் நாட்டியாஞ்சலியும் வருகிறது, மெலட்டூர் விழாவும் வருகிறது. இந்தப் பகுதியின் ஆட்டக் காலம் தண்ணீரை ஒட்டித்தான் எப்போதும் அமைந்திருக்கிறது. அந்த மாதங்களில் ஆறு வாரம், கற்று நிறுத்திவிட்ட பெண்களில் எட்டுப் பேர், கல்யாணம் ஆனவர்களும் ஆகாதவர்களும், குடவாசலில் கூட வேண்டும். அரங்கேற்றம் ஒன்றுக்கு மண்டபம், மேக்கப், பக்கவாத்தியம், சாப்பாடு, அழைப்பிதழ் என்று ஒரு குடும்பம் ஒரு சாயங்காலத்தில் செலவழிப்பதை வைத்தே அந்த எட்டுப் பேருக்கும் ஆறு வாரச் சம்பளம் கொடுத்துவிடலாம். இதை ஒரு தகப்பனாரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “நம்ம புள்ள பேரு போடுவாங்களா அதுல?” என்று மட்டும் கேட்டார். பெரிய கோயில் கல்லில் நானூறு பேர் பெயரும் போட்டிருக்கிறதே என்று சொல்லியிருக்கலாம். சிமெண்டுத் தரையில் முழங்கால் போகும், அதற்குக் கீழே கொஞ்சம் இடைவெளி விட்டுப் பலகைத் தரை போட வேண்டும், அதற்கு ஒரு கூடம் வேண்டும். ஆண் பிள்ளைகளும் சேர்ந்தால் நல்லது, ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கடினமான காரியம் பணமும் பலகையும் இல்லை. திருப்பூரில் இருக்கும் மருமகள் ஆறு வாரம் ஆடுவதற்காகப் பிறந்த ஊருக்குப் போகிறேன் என்று சொன்னால், மெலட்டூருக்கு லீவு போட்டுப் போகும் மகனைப் பார்ப்பது போல அவளையும் அந்த வீடு பார்க்குமா என்பதுதான். பலர் கைக்குழந்தையோடுதான் வருவார்கள். ஒத்திகை நேரத்தில் அந்தக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாவை அமர்த்தி, ஆடுகிறவர்களுக்கு என்ன பங்கோ அதே பங்கை அவருக்கும் கொடுக்க வேண்டும்.